பிரெஞ்சுக் குடும்பத்துடன் ஒரே வீட்டில்: போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டியவை



ஆவடி-பூந்தமல்லி சாலையில் உள்ள பொறியியல் கல்லூரிகளில் நம் சமுதாயப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். அவர்களில் மேற்படிப்புக்கு வெளிநாடு போக விரும்புவோரின் பட்டியலில் இப்போது பிரான்ஸும் இடம்பெற்றுள்ளது. 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்க வேண்டும் என்று அந்நாடு இலக்கு வைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபைன், ஒரகடத்தில் ரெனால்ட் என்று பிரெஞ்சு நிறுவனங்களின் பெயர்களும் அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்திற்குப் பழக்கமானவைதான்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எங்கே தங்குவது என்ற கேள்வி வந்துவிடும். அரசு மாணவர் விடுதிகளில் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. அதனால் பலர் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்குகிறார்கள். சில வீடுகளில் அறை மட்டும் தருவார்கள். சில வீடுகளில் காலை உணவும் இரவு உணவும் சேர்ந்தே இருக்கும். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வயதான தம்பதிகள்தான் பெரும்பாலும் இப்படி அறை தருகிறார்கள். மொழி சீக்கிரம் வரும், தனிமை குறையும், நோய்நொடி என்றால் பார்க்க ஆள் இருக்கும் என்பவை இதன் நன்மைகள்.

ஆனால் பன்றி இறைச்சியும் மதுவும் புழங்கும் வீட்டில் நம் பிள்ளை எப்படி மார்க்கம் பேணி வாழும்? பெற்றோரின் இந்தக் கவலை நியாயமானது.

மௌனம்தான் சிக்கல்

விருந்தாளியாகப் போன இடத்தில் 'இது வேண்டாம், அது ஆகாது' என்று சொல்வது நம் ஊரில் மரியாதைக் குறைவு. வைத்ததைச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் 'பசியில்லை' என்று சமாளிக்க வேண்டும். பிரெஞ்சு வீட்டில் இது எதிர்மாறாகப் புரிந்துகொள்ளப்படும். சமைத்து வைத்தவருக்கு மூன்று நாள் 'பசியில்லை' என்று பதில் வந்தால், தன் சமையலையோ தன்னையோ பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார். முன்கூட்டியே தெளிவாகச் சொன்னால், அதைத் தன் மீது வைத்த நம்பிக்கையாக எடுத்துக்கொள்வார்.

இதற்கு நம் வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. நபித்துவத்தின் 5-ஆம் ஆண்டில் மக்காவின் கொடுமை தாளாமல் ஒரு குழுவினர் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் அபிசீனியாவில் அடைக்கலம் தேடினார்கள். மன்னர் விசாரித்தபோது ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய நம் நம்பிக்கையைக்கூட உள்ளது உள்ளபடி எடுத்துரைத்தார்கள். அந்த நேர்மைக்குப் பிறகுதான் மன்னரின் பாதுகாப்பு உறுதியானது.

எனவே அறையை உறுதி செய்யும் முன்பே அந்தக் குடும்பத்திற்கு மின்னஞ்சலில் விவரம் எழுதிவிட வேண்டும். என்னென்ன எழுத வேண்டும் என்று பார்ப்போம்.

உணவு

'நான் முஸ்லிம், பன்றி இறைச்சி சாப்பிட மாட்டேன்' என்று எழுதினால் மட்டும் போதாது. 'ஹலால் அல்லாத கோழி, மாட்டிறைச்சியும் சாப்பிட மாட்டேன். மீன், முட்டை, காய்கறி, பருப்பு சாப்பிடுவேன்' என்று எழுத வேண்டும். எது ஆகாது என்பதோடு எது ஆகும் என்பதையும் சொன்னால்தான் சமைப்பவருக்கு வழி தெரியும்.

மறைந்திருக்கும் பொருள்களையும் குறிப்பிட வேண்டும். பிரெஞ்சுச் சமையலில் குழம்புக்கு மது ஊற்றுவது சாதாரணம். காய்கறி வதக்கலிலும் முட்டைப் பணியாரத்திலும் 'லார்தோன்' எனப்படும் பன்றித் துண்டுகள் விழும். இனிப்புகளில் ரம் இருக்கலாம், ஜெல்லி மிட்டாய்களில் பன்றி ஜெலட்டின் இருக்கலாம். கொதித்தால் மது ஆவியாகிவிடும் என்று அவர்கள் நல்லெண்ணத்தில் சொல்லக்கூடும். நமக்கு அது ஆகாது என்பதைப் பணிவாக விளக்க வேண்டும்.

வேதக்காரர்களின் உணவு கூடும்தானே என்ற கேள்வியும் எழும். இன்றைய இயந்திர அறுப்பு முறையைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் பேணுதலான வழி ஹலால் கடைதான். பிரான்ஸில் அறுப்பவர்களுக்கு அங்கீகாரம் வழங்கும் உரிமை பாரிஸ், லியோன், எவ்ரி ஆகிய மூன்று பெரிய பள்ளிவாசல்களிடம் உள்ளது. நகரங்களில் 'ஹலால்' பலகை வைத்த இறைச்சிக் கடைகளும் உண்டு. தனிச் சட்டி ஒன்றும் குளிர்பெட்டியில் ஒரு தட்டும் ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். விருந்து நாள்களில் தன் உணவை முன்னதாகவே முடித்துக்கொள்ளலாமா என்பதையும் முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளலாம்.

தொழுகையும் உளூவும்

இங்கே மேற்கு நோக்கித் தொழுது பழகிய பிள்ளைக்கு பாரிஸில் கிப்லா தென்கிழக்கு. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 10 மணி நெருங்கிவிடும், இஷா நள்ளிரவை ஒட்டி வரும். டிசம்பரிலோ மாலை 5 மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். அருகிலுள்ள பள்ளிவாசலின் நேர அட்டவணையைப் பின்பற்றுவது நல்லது.

நள்ளிரவில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் வீட்டார் பயந்துபோவார்கள். இரவு 10 மணிக்கு மேல் அமைதி காப்பது அங்கே கட்டாய ஒழுக்கம். 'கோடையில் இரவு தாமதமாக இரண்டு நிமிடம் முகம், கை, கால் கழுவுவேன்' என்று முன்பே சொல்லிவிட்டால் பிரச்சினையில்லை.

அங்குள்ள பல குளியலறைகளில் தரையில் வடிகால் இருக்காது. நம் வீட்டில் ஊற்றுவதுபோல் ஊற்றினால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். குளிக்கும் தொட்டிக்குள் நின்று கால் கழுவ வேண்டும், சிந்தியதை உடனே துடைக்க வேண்டும். வீட்டிலேயே முழு உளூவுடன் தோல் காலுறை அணிந்துகொண்டால், உள்ளூரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவு வரை அதன் மேல் மஸ்ஹு செய்யலாம். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது என்பதால் சிறு குவளை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பதால், நாய் இல்லாத வீடே அவர்களுக்கு எளிது.

பழக்கமும் தனிமையும்

கன்னத்தோடு கன்னம் வைத்து முகமன் கூறுவது அங்கே வழக்கம். அந்நிய ஆண், பெண்ணுடன் நமக்கு அது கூடாது. நெஞ்சில் கை வைத்து, சிரித்த முகத்துடன் 'போன்ஜூர்' சொன்னால் போதும், காரணத்தைக் கடிதத்தில் எழுதியிருந்தால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். வீட்டில் நுழையும்போதெல்லாம் 'போன்ஜூர்' சொல்லத் தவறக் கூடாது. அதைச் சொல்லாமல் போவதுதான் அங்கே அவமரியாதை.

அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருத்தல் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. மகளை அனுப்புவோர், வீட்டில் பெண்கள் நிரந்தரமாக இருக்கிறார்களா, அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று உறுதி செய்ய வேண்டும். மகனை அனுப்புவோரும் தனியாக வாழும் பெண்ணின் வீட்டைத் தவிர்க்க வேண்டும். மஹ்ரமின்றிப் பயணம் செய்யும் சட்டத்தை மஹல்லா ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ஹிஜாப் பற்றிக் குழப்பம் நிறைய உண்டு. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை அரசுப் பள்ளிக்கூடங்களுக்கானது, பல்கலைக்கழக மாணவிகளுக்கு அல்ல. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் முகத்தை மூடுவதைத் தடுக்கிறது. எனவே தலையை மறைத்துப் பல்கலைக்கழகம் செல்லலாம், முகத்திரை அணிய முடியாது.

நம் பங்கு

கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. பாத்திரம் கழுவுவது, குப்பையைத் தரம் பிரிப்பது, தாமதமானால் செய்தி அனுப்புவது, பெருநாளன்று பிரியாணி சமைத்துப் பரிமாறுவது இவையெல்லாம் அந்த வீட்டின் மனத்தைத் திறக்கும். பல பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு நம் பிள்ளைதான் அவர்கள் நெருங்கிப் பார்க்கும் முதல் முஸ்லிமாக இருக்கும்.

ஹைதராபாத்தில் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் அவர்கள் சோர்போனில் முனைவர் பட்டம் பெற்று, 1948 முதல் 1996 வரை பாரிஸில் வாழ்ந்தார்கள். 1959-இல் வெளிவந்த அவர்களின் திருக்குர்ஆன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இன்றும் வாசிக்கப்படுகிறது. மார்க்கத்தை விடாமலும் அந்த மண்ணோடு பகைக்காமலும் வாழ முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி.

எல்லாம் எழுதிய பிறகு, 'இவ்வளவும் எங்களுக்கு ஒத்துவராது' என்று ஒரு குடும்பம் பதில் அனுப்பினால் வருந்த வேண்டாம். சென்னையில் இருக்கும்போதே அது தெரிந்துவிட்டது நல்லதே. இன்னொரு வீட்டைத் தேட அவகாசம் இருக்கிறது.

நம் பிள்ளைகளின் கல்வியையும் ஈமானையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.