பெட்டியில் உறங்கும் புடவை

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் நேயர்கள், வழியில் கயத்தாற்றில் சற்று இறங்கிப் பார்க்க வேண்டும். 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி வீரபாண்டியக் கட்டபொம்மனைக் கும்பினியார் தூக்கிலிட்ட ஊர் அது. நடிகர் சிவாஜி கணேசன் 1970-இல் நிறுவிய சிலை அங்கே கம்பீரமாக நிற்கிறது. அதன் முன் நின்றபோது நமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. கட்டபொம்மனின் தர்மபத்தினி ஜக்கம்மாளின் ஞாபகமாக நம்மிடம் என்ன இருக்கிறது? பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-இல் தரைமட்டமாக்கி விட்டார்கள். கருங்கண்ணிப் பருத்திக்குப் பேர்போன இந்தக் கரிசல் சீமையில், அந்த அம்மாள் உடுத்த துணி ஒரு முழங்கூட நம் கண்ணில் பட்டதில்லை.

அமெரிக்காவில் இந்தக் காரியத்தை வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். காஸி ஜேம்ஸ், ரோஸ் ஹோஸ் என்ற இரு மாதர், ஜனாதிபதிகளின் மனைவிமார் உடுத்த உடுப்புகளை வாஷிங்டன் நகரின் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்காக 1912-இல் சேகரிக்கத் தொடங்கினார்கள். அப்போது ஜனாதிபதியாயிருந்த டாஃப்டின் மனைவி ஹெலன், 1909-இல் கணவரின் பதவியேற்பு விழா நடனத்துக்குத் தாம் அணிந்திருந்த வெண்பட்டு அங்கியையே கொடுத்துவிட்டார். பின்வந்தவர்களுக்கு அது ஒரு சம்பிரதாயமாயிற்று. 2009-இல் தாம் அணிந்த வெள்ளை அங்கியை மிஷெல் ஒபாமா 2010 மார்ச்சு மாதம் நேரில் வந்து ஒப்படைத்தார்.

“ஸ்திரீகளின் பெருமையை அவர்கள் உடுப்பைக் கொண்டா அளப்பது?” என்று சில நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் துணிக்கு ஒரு சக்தி உண்டு. மதுரையில் ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவுக் காட்சிசாலைக்குப் போனவர்கள் இதை அறிவார்கள். 1948 ஜனவரி 30-ந் தேதி மகாத்மா உடுத்திருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அன்னை கஸ்தூரிபா 1944-இல் சிறைக் காவலில் காலமானபோது, மகாத்மா நூற்ற நூலில் நெய்த புடவையை உடுத்தியே அவரைத் தகனம் செய்தார்கள். அந்தப் புடவை அவருடனேயே போய்விட்டது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் பாட்டியின் கதர்ப் புடவை ஒன்று இருக்கக்கூடும். தாத்தா சிறை சென்றபோது குடும்பத்தைத் தாங்கியவர் உடுத்ததாகவோ, தாமே மறியலுக்குப் போனவர் உடுத்ததாகவோ அது இருக்கலாம். அது யாருடையது, எந்த வருஷம், எந்தச் சந்தர்ப்பத்தில் உடுத்தியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். கஞ்சி போட வேண்டாம். துவைத்து உலர்த்திய வெள்ளைத் துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் நூல் அறுந்துவிடும். அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். பிறகு, வீட்டார் எல்லாரும் சம்மதித்தால், அந்தக் குறிப்புடன் ஒரு காட்சிசாலைக்குக் கொடுங்கள்.

பழந்துணிக்குப் பாத்திரம் கொடுப்பவன் தெருவில் கூவிக்கொண்டு வருவான். அவன் தரும் எவர்ஸில்வர் டம்ளருக்காக அந்தப் புடவையைப் போட்டுவிட வேண்டாம். ஜக்கம்மாளின் புடவைக்கு நாம் இனி ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பாட்டியின் புடவைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.