நிதானமாகக் காண வேண்டிய அண்ணாமலை

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையின் சாலையோரங்களில் ஒரு காட்சி தவறாமல் தென்படும். வேனில் வந்த குடும்பத்தினர் கிரிவலத்துக்குப் புறப்பட்டிருப்பர். முழங்கால் வலியுள்ள பாட்டியோ, மூச்சு வாங்கும் தாத்தாவோ மட்டும் வண்டியில் அமர்ந்து செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல் இருப்பார். விடியலில் மற்றவர்கள் களைத்துத் திரும்பியதும் வண்டி ஊருக்குக் கிளம்பிவிடும். அண்ணாமலையாரைக் காண ஆண்டுக்கணக்கில் ஏங்கிய பெரியவர், கோபுரத்தைத் தொலைவிலிருந்து கும்பிட்டதோடு வீடு சேர்வார்.

இக்குறைக்கு முதுமை காரணமன்று. தேர்ந்தெடுத்த நாளே காரணம். 14 கிலோமீட்டர் பாதையை ஒரே மூச்சில் முடிப்பதே கிரிவலம் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றிவிட்டது. ரமண மகரிஷி அவ்வாறு நடந்தவரல்லர். 1926-ஆம் ஆண்டு வரை அன்பர்களுடன் மலையை வலம்வந்த அவர், வழியில் தங்கியும் உண்டும் இரண்டு மூன்று நாட்கள் வரை எடுத்துக்கொண்டதுண்டு. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது இவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த நடைக்கு இளைஞரைவிட முதியவரே பொருத்தமானவர் அல்லவா?

ஆகவே பௌர்ணமியையும் விடுமுறை நாட்களையும் தவிர்த்து, மூன்று நாள் தங்கும் ஏற்பாட்டுடன் வருவதே சிறப்பு. முதல் நாளைத் திருக்கோயிலுக்கென்றே ஒதுக்கிவிடலாம். கருவறைத் தரிசனம் முடிந்ததும் வாசலை நோக்கி விரைவதால் தவறிப்போகும் சந்நிதிகள் இங்கு ஏராளம். 217 அடி உயரமுள்ள கிழக்கு ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுற்றது. அதைக் கடந்ததும் இடப்புறம் கம்பத்திளையனார் சந்நிதி. அருணகிரிநாதருக்காக முருகப்பெருமான் தூணில் தோன்றி அருளிய இடம் இதுவே. வலப்புறம் ஆயிரங்கால் மண்டபம்; அதனுள் பாதாள லிங்கம். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இவ்வூருக்கு வந்த பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமணர் என உலகம் போற்றிய அந்தச் சிறுவன், உடலை மறந்து தவத்தில் ஆழ்ந்திருந்தது அங்கேதான். கல்லெறிந்த சிறுவர்களிடமிருந்து அவரைக் காக்க முன்வந்தவர் சேஷாத்ரி சுவாமிகள். வல்லாள மகாராஜா கோபுரத்தைத் தாண்டினால் கிளி கோபுரம். அருணகிரியார் கிளி வடிவுற்ற வரலாற்றை அது நினைவூட்டும். வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். மன்னர்கள் எழுப்பிய கோபுரங்களுக்கிடையே, வீடுதோறும் பொருள் திரட்டி ஒரு பெண் துறவி முடித்த கோபுரம் அது. சற்று நின்று அண்ணாந்து பார்க்க வேண்டாமா?

மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் கிரிவலத்தைத் தொடங்கலாம். 14 கிலோமீட்டரை மூன்றாகப் பகுத்தால் ஒரு வேளைக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவே. இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி லிங்கத்தைத் தரிசித்துச் செங்கம் சாலையில் சென்றால், 1929-இல் சித்தியடைந்த சேஷாத்ரி சுவாமிகளின் ஆசிரமமும், அடுத்து ரமணாசிரமமும் வரும். காலையிலும் மாலையிலும் ரமணாசிரமத்தில் வேத பாராயணம் நடைபெறும். அமர்ந்து கேட்கக் கட்டணமோ வரிசையோ இல்லை. மயில்கள் அச்சமின்றி உலவும். பசு லட்சுமியின் சமாதியைப் பேரக்குழந்தைகளுக்குக் காட்டலாம். ஆசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்துக்குச் செல்லும் மலைப்பாதை மட்டும் முழங்கால் தேய்ந்தோருக்கு உகந்ததன்று. மலையடியில் நின்று வணங்கினாலே போதும்.

யம லிங்கத்துடன் அன்றைய நடையை நிறுத்தி, ஆட்டோவில் விடுதிக்குத் திரும்பலாம். மாலையிலோ மறுநாள் காலையிலோ, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். நிருதி லிங்கம், வருண லிங்கம் வழியாக மலையின் மேற்குப் புறத்தை அடைந்தால் ஆதி அண்ணாமலை. ஊர்க்கோயிலின் கூட்டத்தைக் கண்டு மிரண்டவர்களுக்கு இக்கோயிலின் அமைதி பெரும் ஆறுதல். மணிவாசகப் பெருமான் திருவெம்பாவை பாடியது இத்தலத்தில் என்பதால், அவருக்கு அருகிலேயே கோயில் உண்டு. மார்கழியில் செல்வோர் தவறவிடலாகாது.

வாயு லிங்கமும் குபேர லிங்கமும் கடந்தால் இடுக்குப் பிள்ளையார். குறுகிய துளையில் ஒருக்களித்து நுழைந்து வெளிவருவது வழக்கம். பருத்த உடலினரும் மூட்டுவலி உள்ளோரும் பேரப்பிள்ளைகளை நுழையச் சொல்லி வெளியே நின்று வணங்கட்டும். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். அங்கிருந்து ஈசானிய லிங்கம் சென்றால் வலம் நிறைவுறும். நடக்கவே இயலாதவர்கள் ஆட்டோவில் வலம்வந்து, எட்டு லிங்கங்களிலும் இறங்கி வணங்குவதில் தயக்கம் வேண்டா. பகல் வெயிலில் வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடப்பதைத்தான் அஞ்ச வேண்டும்.

குழந்தைகள் உடன் வந்தால் ஒரு மாலையைத் தென்பெண்ணையின் சாத்தனூர் அணைக்கு ஒதுக்கலாம். பூங்காவும் முதலைப் பண்ணையும் அவர்களை மகிழ்விக்கும்.

கார்த்திகை தீபத்தன்று கூட்டத்துக்கு அஞ்சி வராமலேயே இருந்துவிடும் பெரியவர்கள் பலர். 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபம் அன்று ஒரு நாளோடு அணைந்துவிடுவதில்லை. தொடர்ந்து பதினொரு நாட்கள் காட்சி தரும். தீபத் திருநாள் கழிந்து நான்கைந்து நாட்களுக்குப் பின் வந்தால், விடுதியின் மொட்டைமாடியில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தே அந்தச் சோதியைக் கண்ணாரக் காணலாம்.