மலிவுக் கிதாருக்கு மறுவாழ்வு

"அத்தை, இந்தக் கிதாரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எனக்கு இது வரவே வராது!" என்றாள் என் அண்ணன் மகள். கண்களில் நீர் தளும்பி நின்றது.

மூன்று மாதத்துக்கு முன் பிறந்த நாள் பரிசாக அவள் அப்பா வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் கிதார் அது. விலை பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனிகளெல்லாம் கோடு கோடாகக் கன்றிப் போயிருந்தன.

"எல்லாம் மட்டச் சரக்கு, அத்தை. பிக்கப், பிருடை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்று அவள் தம்பி ஒரு ஜாபிதாவை நீட்டினான். கூட்டிப் பார்த்தேன். கிதாரின் விலையைவிடக் கூடுதல்! சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

மறுநாள் வாத்தியங்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் மூவரும் போனோம். ஜாபிதாவைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். "கடைசியில் செய்ய வேண்டியதைத் தம்பி முதலில் எழுதியிருக்கிறார், அம்மா" என்றார். அன்று அவரிடம் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு கிதார் சாத்திக் கிடக்கலாம் அல்லவா?

முதலில் தந்தி

கடையில் மாதக் கணக்கில் தொங்கிய கிதாரின் தந்தி மங்கிப் போயிருக்கும். புதுத் தந்திக் கட்டு சில நூறு ரூபாய்தான். புதிதாகக் கற்பவர்களுக்கு 'ஒன்பது' என்று கடையில் சொல்லும் மெல்லிய கட்டு நல்லது. அதில் மிக மெல்லிய தந்தியின் கனம், ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 9 பங்கு. விரல் அவ்வளவாக நோகாது.

பிறகு கழுத்து. தந்திகளின் இழுப்பில் அது சற்று முன்னால் வளைந்திருந்தது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைக் கால் திருகு மட்டும் முடுக்கினார் பெரியவர். "ஒரே மூச்சில் அதிகம் முடுக்கினால் கழுத்துக்கே ஆபத்து!" என்றார்.

அடுத்தது தந்தியின் உயரம். 12-ஆவது மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதுமாம். எங்கள் கிதாரில் மூன்றுக்கும் மேல் இருந்தது. குழந்தையின் விரல் கன்றியதன் ரகசியம் விளங்கிவிட்டது! குதிரையின் மேலுள்ள சிறு திருகுகளைத் திருகித் தந்திகளை இறக்கினார்.

வெறும் தந்தியை மீட்டி, அதை ஸட்ஜமம் என்று வைத்துக்கொண்டால், 12-ஆவது மெட்டில் மேல் ஸட்ஜமம் பேச வேண்டும். பேசாவிட்டால் குதிரையிலுள்ள தாங்கியை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். இதற்கெல்லாம் புதுப் பாகம் ஒன்றும் வேண்டாம்.

பென்சில் வைத்தியம்

"சுருதி நிற்பதே இல்லையே?" என்றாள் பெண்.

அதற்குப் பெரும்பாலும் பிருடை காரணம் அல்லவாம். தலைப்பக்கம் தந்திகள் படிந்து செல்லும் 'நட்' என்ற சிறு கட்டையின் பள்ளங்களில் தந்தி சிக்கிக்கொள்கிறது. பெரியவர் பென்சிலைக் கூராகச் சீவி, பள்ளங்களில் கரியைத் தேய்த்தார். தந்தி வழுக்கிக்கொண்டு ஓடியது! இதிலும் சரிப்படாவிட்டால் எலும்பில் செய்த நட்டைப் போடலாம். அதற்கும் பிறகுதான் பிருடையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சத்தக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், தூசியை நீக்கும் திரவத்தைச் சிறிது பீய்ச்சினாலே போதும்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய பொருள். எஃகுத் தந்தி அதிரும்போது அதில் மின்சாரம் பிறக்கிறது. காந்தம் மிக நெருங்கினால் தந்தியையே பிடித்து இழுக்கும். ஆகவே, பக்கத்துத் திருகுகளால் முதலில் அதன் உயரத்தைச் சரிசெய்து கேட்க வேண்டும். மாற்றுவது கடைசிப் படி. மாற்றினாலும் பழைய பாகத்தை எறிந்துவிடாதீர்கள். முக்கியமாக, ஒலிபெருக்கியின் உள்ளே மட்டும் குழந்தைகள் கை வைக்கக் கூடாது. மின்சார ஆபத்து அங்கேதான்.

தாயாரின் ஊசியும் பொத்தானும்

இங்கிலாந்தின் பிரயன் மே கதையைக் கேளுங்கள். 1963-இல், 16 வயதில், தகப்பனாருடன் சேர்ந்து தாமே ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்பு மாடத்தின் மரம். மெட்டுக்களுக்கு நடுவே அடையாளப் புள்ளிகளாகத் தாயாரின் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். தந்தியை அசைக்கும் பிடியின் நுனிக்குத் தாயாரின் பின்னல் ஊசி!

பிக்கப்பையும் கையாலேயே சுற்றினார். ஆனால் தந்தியை வளைத்து வாசித்தபோது ஸ்வரம் நெருடியது. ஆகவே பர்ன்ஸ் கம்பெனியின் பிக்கப் மூன்றை வாங்கிப் பொருத்தினார். காது குறை கண்ட பிறகே காசைச் செலவழித்தார், கவனித்தீர்களா? பின்னால் 'க்வீன்' இசைக்குழுவில் புகழ்பெற்று, 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடியில் நின்று அவர் வாசித்தது அதே கிதாரைத்தான்.

எங்கள் கிதாருக்குத் தந்தியும் கூலியும் சேர்த்து, ஜாபிதாவில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. இப்போது மாலையானால் என் அண்ணன் வீட்டு மாடியிலிருந்து நாதம் கேட்கிறது, அபஸ்வரமும் கேட்கிறதுதான்!

"பிக்கப் மாற்ற வேண்டாமா?" என்று தம்பியைச் சீண்டினேன்.

"முதலில் அக்கா ஒரு பாட்டை முழுசாக வாசிக்கட்டும், அத்தை. அப்புறம் பார்க்கலாம்" என்றான்.