பயிற்சியாளர் பின்னே ஒரு பயணம்

தண்டலம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் காதில் விழும் பேச்சு இது: சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போனார், நாலு பேர் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். கால்பந்திலும் இதே கதைதான்.

2019 டிசம்பர். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துப் பட்டியலின் அடிப்பகுதியில் தவித்த சென்னையின் எஃப்சிக்குப் பயிற்சியாளராக வந்தார் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில். மூன்றே மாதத்தில் அணி இறுதிப்போட்டியில் நின்றது. லிதுவேனியா வீரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி விருதை வாங்கினார். கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானத்தில் நடந்த அந்த இறுதிப்போட்டியில், கொல்கத்தாவின் ஏடிகேயிடம் சென்னை 3-1 எனத் தோற்றது. அந்த ஒரு கோலும் வால்ஸ்கிஸ் அடித்ததுதான்.

2020லேயே காயில் இன்னொரு ஐஎஸ்எல் அணியான ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே கிளம்பினார். சென்னை ரசிகர்களுக்கு இரட்டை இடி!

2022 மார்ச்சில் ஜாம்ஷெட்பூர், லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான ஷீல்டை வென்றது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் வால்ஸ்கிஸ் சென்னைக்கே திரும்பியிருந்தார்.

காயில்? அவரும் 2023இல் சென்னையின் எஃப்சிக்கே மறுபடி பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.