கணனி எழும்பவில்லையா? முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

தோட்டத்தில் சம்பளம் போடும் நாள். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துக் கடைகளுக்கு மாதத்தில் அதுதான் பெரிய நாள். மாதம் முழுக்கக் கடனுக்குக் கொடுத்த அரிசியும் மாவும் சீனியும் அன்றுதான் காசாகத் திரும்பி வரும். காலையில் கடையைத் திறந்து கணனியின் பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒரு சத்தமும் இல்லை. கடன் கொப்பியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கணனியில் ஏற்றி இரண்டு வருடமாகிறது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று இனி யாரிடம் கேட்பது?

வர்த்தகச் சகோதரர்களே, நம்மில் பலர் கடைக்குப் புதுக் கணனி வாங்குவதில்லை. கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட இயந்திரத்தை பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ பதுளை டவுனிலோ வாங்கிக்கொள்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பில் அடிக்கவும் கணக்கு வைக்கவும் அது தாராளமாகப் போதும். ஆனால் அது என்றாவது ஒருநாள் எழும்பாமல் கிடக்கும் என்பதையும் சேர்த்துத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணனி செத்துவிட்டது என்பதற்காகக் கணக்கும் செத்துவிடுவதில்லை. கணக்கு இருப்பது உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில். எழும்பாத கணனியில் பல வேளைகளில் பழுது வேறெங்கோ இருக்கும், டிஸ்க் நல்லபடியாக இருக்கும். இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் என் கணனியைத் திருத்தக் கொடுத்தேன். மாலையில், "நானா, சரியாகிட்டு. விண்டோஸும் புதுசாப் போட்டுட்டேன்" என்று தம்பி சிரித்த முகத்தோடு தந்தார். இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது. மூன்று வருடக் கணக்கைக் காணவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை.

சரி, பொத்தானை அழுத்தினால் விளக்கும் இல்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் மதர்போர்ட் போய்விட்டது என்று பதறாதீர்கள். யூ.பி.எஸ். பெட்டியை ஒதுக்கிவிட்டு வயரை நேரே சுவரில் மாட்டிப் பாருங்கள். அதிலுள்ள பற்றரி சில வருடங்களில் தேய்ந்துவிடும், அதன் பிறகு கணனியை நிறுத்துவது யூ.பி.எஸ்ஸாகவே இருக்கலாம். அடுத்து, ப்ளக்கைக் கழற்றிவிட்டு பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் மாட்டிப் பாருங்கள். இந்த ஒன்றிலேயே எழும்பிய கணனிகளைக் கண்டிருக்கிறேன். சில பழைய இயந்திரங்களின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்பு சுவிட்ச் இருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட். அதை 115இல் விட்டு மாட்டினால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடியும்.

அப்படியும் அசையாவிட்டால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். ஊவாவில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி மழை இதைத்தான் முதலில் காவு கொள்கிறது. இடி கேட்டால் சுவிட்சை அணைப்பது போதாது. ப்ளக்கையும் இணைய வயரையும் கழற்ற வேண்டும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே 300 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். அலுவலகச் சிறு கணனிகள் பலவற்றில் கம்பனிக்கென்றே தனி அளவு, தனி இணைப்பு. கண்மதிப்பில் வாங்கி வந்தால் பஸ் காசும் நட்டம்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? திரையின் வயரைப் பார்த்தபின் ராம் அட்டையைப் பாருங்கள். மலைநாட்டு மூடுபனி ஈரத்தில் அதன் பொன்னிற முனைகளில் அழுக்குப் படியும். மின்சாரத்தைத் துண்டித்து, அட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, 'டிக்' என்று இருக்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு அட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் எத்தனை தரம் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், திருத்துபவருக்கு அதுவே பாதி விடை.

மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைகளையும் ஒருமுறை பாருங்கள். கெப்பாசிட்டர் என்பார்கள். மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் அல்லது பழுப்பாகக் கசிந்திருந்தால் நோய் அதுதான். 2000களின் முதற்பாதியில் உலகம் முழுவதும் இந்தப் பழுது பரவியது. டெல் கம்பனியின் ஒப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ். 270, 280 இயந்திரங்கள் இதில் பேர்போனவை. 2005இல் இதற்கென அந்தக் கம்பனி 30 கோடி டொலரை ஒதுக்க வேண்டி வந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அது விற்றவற்றில் குறைந்தது 118 இலட்சம் கணனிகள் இந்த ஆபத்தில் இருந்ததாக வழக்கொன்றின் ஆவணங்கள் வழியாக 2010இல் வெளிவந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணித்துறை முறைப்பாடு செய்தபோது, கடினமான கணக்குகளைப் போட்டு இயந்திரத்தை வருத்திவிட்டீர்கள் என்று பதில் கிடைத்ததாம்! கணனி கணக்குப் போடாமல் வேறென்ன செய்யும்? அந்த வயதுக் கணனி இன்னும் எங்காவது மலிவாக வந்தால், மூடியைத் திறந்து பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

நனைந்த கணனி வேறு விஷயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் பட்ட இயந்திரத்தை 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஒருபோதும் போட்டுப் பார்க்கக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

திரையில் எழுத்து வருகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் முதலில் செருகியிருக்கும் பென் டிரைவைக் கழற்றுங்கள். சில வேளை கணனி அதிலிருந்து எழும்பப் பார்த்து நின்றுவிடும். திகதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால் உள்ளே உள்ள நாணய வடிவ பற்றரி முடிந்துவிட்டது. அதன் பெயர் சி.ஆர். 2032. மாற்றுவது சுலபம், ஆனால் மாற்றும்வரை அடித்த பில்களின் திகதியைச் சரிபாருங்கள். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை போடும்போதும் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போகும்.

திருத்தக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "தம்பி, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கணனியில் மாட்டி, கணக்கை முதலில் கொப்பி பண்ணித் தாங்க. பிறகு மற்ற வேலை." யூ.எஸ்.பி. இணைப்பி ஒன்றிருந்தால் பல வேளை இது ஒரு மணித்தியால வேலை. இதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியதால் அலுவலகங்கள் கழித்துவிடும் இயந்திரங்கள் சந்தைக்கு வருகின்றன. வாங்கப் போனால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அணைத்து, ஆறவிட்டு, உங்கள் கையாலேயே மீண்டும் போடுங்கள். நோயுள்ள கணனி ஆறிய பிறகுதான் முரண்டு பிடிக்கும்.

இன்று ஓடிக்கொண்டிருக்கும் கணனிக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டுமுன் கடன் கணக்கை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதைக் கணனியிலேயே விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.