கழுதைக்கும் தெரிந்த தேற்றம்: முக்கோணத்தின் மூன்று பக்கங்கள்

மூன்று நேர்கோடுகள் இருந்தால் ஒரு முக்கோணம் அமைந்துவிடும் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. 3 அடி, 4 அடி, 8 அடி நீளமுள்ள மூன்று மூங்கிற் கழிகளைத் தரையில் கிடத்தி, முனையோடு முனை பொருத்திப் பார்ப்போம். எவ்வாறு திருப்பினாலும் அவை பொருந்தா. எட்டடிக் கழியின் இரு முனைகளிலிருந்தும் மற்ற இரண்டையும் உட்புறமாகச் சாய்த்தால், அவை ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே தரையில் படிந்துவிடுகின்றன; நடுவே ஓரடி இடைவெளி எஞ்சுகிறது. நீண்ட கழியை ஏழடியாகக் குறைத்தால் இடைவெளி மறையும். ஆயினும் முக்கோணம் பிறவாது. மூன்று கழிகளும் ஒரே கோட்டில் படுத்துவிடும். ஆறடியாகக் குறைத்த பின்னரே இரு சிறு கழிகளும் தரையை விட்டெழுந்து உச்சியில் கூடுகின்றன.

இச்சிறு சோதனையில் அடங்கிய விதி இதுதான்: முக்கோணத்தின் எந்த இரு பக்கங்களைக் கூட்டினாலும் அத்தொகை மூன்றாவது பக்கத்தினும் பெரிதாக இருத்தல் வேண்டும். மூன்று முறை கூட்டிப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. மிக நீண்ட பக்கம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குக் குறைந்திருந்தால் போதும். ஏனைய இரு நிபந்தனைகளும் தாமே நிறைவேறிவிடும். இதனையே வேறொரு விதமாகவும் கூறலாம். இரு பக்கங்கள் 5, 8 எனத் தரப்பட்டால், மூன்றாவது பக்கம் அவற்றின் வேறுபாடான 3-க்கு மேலாகவும், அவற்றின் தொகையான 13-க்குக் கீழாகவும் இருக்க வேண்டும். அவ்வெல்லைக்குள் எந்த நீளத்தைக் கொண்டாலும் முக்கோணம் உண்டு. எல்லையில் நின்றால் வெறும் கோடு. எல்லை கடந்தால் ஒன்றுமில்லை.

இத்துணை எளிய ஒன்றுக்கு நிறுவல் எதற்கு? இக்கேள்வி இன்றைய மாணவரின் கேள்வி மட்டுமன்று. பண்டைக் காலத்திலேயே எழுந்தது. கிரேக்க அறிஞர் யூக்ளிட் தம் ‘மூலங்கள்’ என்னும் நூலின் முதற்பகுதியில் இருபதாவது தேற்றமாக இதனை நிறுவினார். எபிக்யூரஸின் வழிவந்தோர் இதனை எள்ளி நகையாடினர் என்று 5-ஆம் நூற்றாண்டில் அந்நூலுக்கு உரை எழுதிய ப்ரோக்ளஸ் பதிவு செய்துள்ளார். ஒரு பக்கத்தின் ஒரு முனையில் கழுதையும் மறுமுனையில் வைக்கோலும் இருந்தால், கழுதை அப்பக்கத்தின் வழியே நேரே செல்லுமேயன்றி, மற்ற இரு பக்கங்களையும் சுற்றிக்கொண்டு செல்லாது. கழுதைக்கும் தெரிந்ததை நிறுவ ஓர் அறிஞர் வேண்டுமா என்பது அவர்களது ஏளனம்.

‘மூலங்கள்’ அரபுலகத்திற்கு வந்தபோது இந்த ஏளனமும் உடன் வந்தது. ஹாரூன் அல்-ரஷீதின் காலத்தில் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மதர் அந்நூலை அரபியில் பெயர்த்தார். பின்னர் கலீஃபா மஃமூனுக்காக மீண்டும் ஒருமுறை செப்பம் செய்தளித்தார். அதன் பின் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் புதிதாகப் பெயர்க்க, ஸாபித் இப்னு குர்ரா அதனைத் திருத்தினார். 1248-இல் நஸீருத்தீன் தூஸி எழுதிய ‘தஹ்ரீர் உக்லீதிஸ்’ நெடுங்காலம் கீழ்த்திசை மாணவர்களின் பாடநூலாக விளங்கிற்று. உக்லீதிஸ் என்பது யூக்ளிடின் அரபு வடிவம். அம்மரபில் புகழ்பெற்ற தேற்றங்களுக்குச் செல்லப் பெயர்கள் வழங்கின. பிதாகரஸ் தேற்றத்திற்கு ‘ஷக்லுல் அரூஸ்’, அதாவது மணமகள் தேற்றம் என்று பெயர். நம் முக்கோண விதிக்கோ ‘ஷக்லுல் ஹிமாரீ’, கழுதைத் தேற்றம். பெயரில் கேலி நிலைத்தது. எனினும் நிறுவலை எவரும் கைவிடவில்லை.

ஏன் கைவிடவில்லை? நெருப்புச் சுடும் என்பதைப் புலன் அறியும். அது எவ்வாறு சுடுகிறது என்பதை அறிவே ஆராய வேண்டும் என்பது ப்ரோக்ளஸ் அளித்த விடையின் சாரம். கழுதை ‘எது’ என்பதை அறியும். ‘ஏன்’ என்பதை அறியாது. அந்த ‘ஏன்’ எத்துணை அழகியது என்பதை, அரபு நூல்களின் வழக்கப்படி எழுத்துகளைச் சூட்டி இங்கே காண்போம்.

முக்கோணத்தின் முனைகள் அலிஃப், பா, ஜீம் எனக் கொள்வோம். பா-அலிஃப், அலிஃப்-ஜீம் ஆகிய இரு பக்கங்களும் சேர்ந்து பா-ஜீமைவிடப் பெரியவை என நிறுவ வேண்டும். பா-அலிஃப் என்னும் பக்கத்தை அலிஃபுக்கு அப்பாலும் நீட்டி, அலிஃப்-ஜீமின் நீளத்தையே அதில் அளந்து, அவ்விடத்திற்குத் தால் எனப் பெயரிடுவோம். தாலையும் ஜீமையும் இணைப்போம். இப்போது அலிஃப்-தால்-ஜீம் ஓர் இருசமபக்க முக்கோணம்; ஆகவே தாலிலும் ஜீமிலும் அதன் கோணங்கள் சமம். ஆனால் பெரிய முக்கோணமாகிய பா-தால்-ஜீமை நோக்கினால், ஜீமிலுள்ள முழுக்கோணம் அச்சமகோணத்தையும் தன்னுள் அடக்கி, அதனினும் விரிந்து நிற்கிறது. எனவே அது தாலிலுள்ள கோணத்தினும் பெரிது. பெரிய கோணத்திற்கு எதிரே பெரிய பக்கமே அமையும். ஜீமுக்கு எதிரே இருப்பது பா-தால். தாலுக்கு எதிரே இருப்பது பா-ஜீம். ஆகவே பா-தால் பெரிது. பா-தால் என்பதோ நாம் நீட்டிவைத்த இரு பக்கங்களின் கூட்டுத்தொகையே. தேற்றம் நிறைவுற்றது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். இரு புள்ளிகளுக்கிடையே நேர்கோடே மிகக் குறுகிய வழி என்னும் கருத்தை இந்நிறுவல் எங்கும் துணைக்கு அழைக்கவில்லை. ஆர்க்கிமிடிஸ் அதனைத் தம் நூலொன்றில் எடுகோளாகவே வைத்துக்கொண்டார். யூக்ளிடோ கோணங்களை மட்டும் கொண்டு இம்முடிவை எட்டினார். கழுதையின் அறிவு இல்லாமலே கழுதை அறிந்ததை அடைந்தார் எனலாம்.

இவ்விதி ஏட்டளவில் நிற்பதா என்றால், இல்லை. அல்-குவாரிஸ்மி தம் அல்ஜப்ர் நூலின் முன்னுரையில், வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படும் கணக்குகளை நாடியே எழுதுவதாகக் குறிப்பிடுகிறார். அந்நூலின் அளவைப் பகுதியில் 13, 14, 15 என்னும் பக்கங்களைக் கொண்ட முக்கோணம் ஒன்று வருகிறது. 14-ஐ அடிப்பக்கமாகக் கொண்டால் குத்துயரம் 12 எனவும், பரப்பு 84 எனவும் அவர் காண்கிறார். அதே 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா என்னும் மூன்று சகோதரர்கள், குத்துயரம் காணாமலே பரப்பைத் தரும் விதியை நிறுவலுடன் எழுதினர். சுற்றளவின் பாதியையும், அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்த மூன்று மீதிகளையும் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். மேற்கண்ட முக்கோணத்தில் பாதிச் சுற்றளவு 21, மீதிகள் 8, 7, 6, பெருக்கற்பலன் 7056, அதன் வர்க்கமூலம் 84. ஹீரோனின் பெயரால் இன்று வழங்கும் இவ்விதி ஆர்க்கிமிடிஸுக்குரியது என அல்-பீரூனி எழுதியுள்ளார்.

இவ்விதிக்குள் நம் கழுதைத் தேற்றம் காவலாளியைப் போல் நிற்கிறது. 3, 4, 7 என்று கொடுத்துப் பாருங்கள்: பாதிச் சுற்றளவு 7, மீதிகளுள் ஒன்று சுழியம், பரப்பும் சுழியம். 3, 4, 8 என்று கொடுத்தால் மீதிகளுள் ஒன்று சுழியத்திற்குக் கீழே சென்றுவிடும், பெருக்கற்பலன் எதிரெண் ஆகும், வர்க்கமூலம் கிடையாது. இல்லாத நிலத்திற்குப் பரப்புத் தர இவ்விதி மறுத்துவிடுகிறது.

மறுக்காத விதியும் ஒன்று வரலாற்றில் உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கி நாற்கர நிலத்தின் பரப்பைக் காணும் முறை பண்டைய எகிப்தில் வழங்கியது. எட்ஃபூ கோயிற் கல்வெட்டுகளில், நான்காம் பக்கம் ‘இல்லை’ எனக் கொண்டு முக்கோண நிலங்களையும் அம்முறையாலேயே அளந்துள்ளனர். 13, 14, 15 நிலத்திற்கு அது 84-க்குப் பதிலாக 98 தரும். அதைவிடக் கொடியது, 3, 4, 8 என்ற அளவுகளுக்கு அது 14 என்று விடை கூறும்! உலகில் எங்கும் இருக்க முடியாத நிலத்திற்குப் பதினான்கு சதுர அலகு. அந்தப் பதினான்குக்கு வரி விதிக்கலாம், கிரயம் எழுதலாம், அனாதையின் பங்காகக் காட்டி ஏமாற்றவும் செய்யலாம். அளவையில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ‘அல்-முதஃப்ஃபிஃபீன்’ என்னும் அத்தியாயம் தொடங்குகிறது. படியிலும் நிறைகோலிலும் மட்டுமன்றி, பத்திரத்தில் எழுதப்படும் மூன்று எண்களிலும் அவ்வநீதி ஒளிந்திருக்கக்கூடும் என்பதை நாம் உணர வேண்டும். தளத்திற்குச் செல்லாமலே, சங்கிலி பிடிக்காமலே, ஒரே ஒரு கூட்டலால் அதனைக் கண்டுபிடித்துவிடலாம்.

இறுதியாக, தட்டையான தரையை விட்டுக் கோளத்திற்கு வருவோம். கிப்லாவின் திசையைக் கணிக்க நம் வானியலார் வரைந்தது கோளத்தின்மீது அமைந்த முக்கோணம். அதன் முனைகள் நமதூர், மக்கா, வடதுருவம்; பக்கங்கள் பெருவட்ட விற்கள். சென்னையைக் கொண்டால், துருவத்திற்கு அங்கிருந்து சுமார் 77 பாகை, மக்காவிலிருந்து சுமார் 68½ பாகை, சென்னைக்கும் மக்காவுக்கும் இடையே சுமார் 39½ பாகை. எந்த இரண்டும் மூன்றாவதினும் பெரிதாக இருப்பதைக் காணலாம். மெனலாஸ் கோள முக்கோணத்திற்கும் இதனை நிறுவியுள்ளார். ஆனால் கோளத்தில் இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது: மூன்று பக்கங்களின் தொகை 360 பாகைக்குக் குறைந்திருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் தொகை 185. மாறாக 130, 130, 120 என்னும் விற்களை எடுத்தால், தரையின் விதி அவற்றை ஏற்கும், கோளம் ஏற்காது. ஒரு தளத்தில் போதுமான நிபந்தனை மற்றொரு தளத்தில் போதாமற் போகிறது. ‘வெளிப்படை’ என்று நாம் நம்பியவற்றுக்கும் நிறுவல் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

கழுதை தன் வைக்கோலை அடைந்ததும் நின்றுவிட்டது. அதன் பெயரைச் சுமந்த தேற்றமோ ஏதென்ஸிலும் பக்தாதிலும் கேலியைப் பொறுத்துக்கொண்டு, நிலத்தின் எல்லையையும் தொழுகையின் திசையையும் காட்டும் கணக்குகளுக்கு அடியில் அமைதியாக நிற்கிறது. நம் பிள்ளைகளிடம் மூன்று எண்களைக் கொடுத்துப் பரப்புக் காணச் சொல்லும்போது, அதற்கு முன் ஒரு கேள்வியையும் கேட்கப் பழக்குவோம்: இப்படியொரு முக்கோணம் இருக்க முடியுமா?