உங்களுக்குத் தெரியுமா? படுவான்கரை வயலும் கொழும்புச் சபையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலை வயல்களில் எப்போது நீர் பாய்ச்சுவது, வேலிகாவலை யார் பார்ப்பது என்பதெல்லாம் ஊர்வழக்கம். அந்த வழக்கங்களுக்கு எழுத்தில் சட்ட வலுக் கொடுத்தது கொழும்பில் இருந்த, பிரித்தானியர் காலச் சட்டநிரூபண சபை. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அதற்காகவே வந்தது. வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானையை வயற்காரரே தெரிவுசெய்வதும் அந்த ஏற்பாட்டோடு சேர்ந்தது.

1833இல் தொடங்கிய அச்சபையின் அன்றாட வேலை பரபரப்பற்றது. தேசாதிபதி தலைமை தாங்குவார். அறிக்கைகள் மேசையில் வைக்கப்படும், மனுக்கள் சமர்ப்பிக்கப்படும், மசோதா மூன்று முறை வாசிக்கப்படும். ஆண்டுதோறும் வரவுசெலவு விவாதம். எல்லாம் ஆங்கிலத்தில்! வாவிக்கு மேற்கே ஏர் பிடித்தவருக்கு அந்த மொழி விளங்காது. தொடக்கத்தில் தமிழருக்கென இருந்தது ஒரேயொரு நியமன ஆசனம். அதில் முதலில் அமர்ந்தவர் ஆ. குமாரசுவாமி முதலியார். மட்டக்களப்பு உழவனின் குறையையும் அந்த ஒரு குரலே சுமக்க வேண்டியிருந்தது. இது பெரிய அநீதிதான்.

ஆனாலும் அச்சபையின் தீர்மானங்கள் களத்துமேடு வரை வந்து சேர்ந்தன. விளைச்சலில் பங்கு கேட்ட நெல்வரி 1892இல் அங்கேதான் ஒழிக்கப்பட்டது.

உழவர் தம் வாக்கால் உறுப்பினரைத் தெரிவுசெய்ய நெடுங்காலம் காத்திருந்தனர். 1931இல் சட்டநிரூபண சபை கலைந்து அரசாங்க சபை வந்தபோதுதான் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது.